பிரெஞ்சு அரண்மனையில் யார் வேலை பார்த்தார்கள்? பழைய ஆவணங்களில் தேடுவோருக்கான கேள்வி பதில்

பிரெஞ்சு அரசர்களைப் பற்றிப் படிக்கப் புத்தகங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவர்களுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தவர், ரொட்டி சுட்டவர், மெழுகுவர்த்தி ஏற்றியவர், இளவரசனுக்குத் தொட்டில் ஆட்டியவர் யார் என்று தேடப் போனால் திணறிப் போகிறோம். ஆவணம் இல்லாமல் இல்லை, குவிந்து கிடக்கிறது. எந்தக் காகிதம் எதற்காக எழுதப்பட்டது என்று தெரியாமல் உள்ளே போவதுதான் சிக்கல். சில வருடங்களாக இந்தத் தேடலில் இருப்பதால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் 1789 புரட்சிக்கு முந்தைய இருநூறு ஆண்டுகளைப் பற்றியே பேசுகிறேன்.

'அரச இல்லம்' என்று சொல்வது அரண்மனைக் கட்டடத்தையா?

இல்லை. பிரெஞ்சில் 'மெசோன் து ருவா' என்பார்கள். நேர்ப்பொருள் 'அரசரின் வீடு'. ஆனால் அது குறிப்பது ஆட்களை. அரசர் எங்கே போனாலும் இந்த வீடு கூடவே போகும். வெர்சாய்க்கு அரசவை நிலையாகக் குடிவந்தது 1682 மே மாதத்தில்தான். அதற்கு முன் லூவ்ர், சேன்-ஜெர்மேன், ஃபோந்தேன்புளோ என்று மாறி மாறி இருந்தார்கள்.

வீட்டுக்குள் பல துறைகள். கோயிலுக்கு ஒரு தலைவர், சாப்பாட்டுக்கும் சமையலுக்கும் ஒரு தலைவர், படுக்கையறைக்கு ஒருவர், உடைகளுக்கு ஒருவர், குதிரை லாயத்துக்கு ஒருவர், வேட்டைக்கு ஒருவர். சமையல் பக்கம் மட்டும் ஏழு பிரிவுகள் இருந்தன. அரசர் வாய்க்குப் போவதற்குத் தனிப் பிரிவு. அதன் பெயரே 'பூஷ்', அதாவது வாய். மற்றவர்கள் சாப்பிடும் பந்திக்கு 'கொமன்', அதாவது பொது. ரொட்டி, திராட்சை மது, பழம், விறகு ஒவ்வொன்றையும் ஒரு பிரிவு கவனித்தது. நீங்கள் தேடும் ஆள் 'சமையல்காரர்' என்று எங்காவது எழுதியிருந்தால், எந்தச் சமையலில் என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல்.

இந்த ஆட்களுக்கு 'கொமான்சால்' என்று பொதுப்பெயர். ஒரே பந்தியில் உண்பவர் என்று பொருள். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்கிறோமே, அந்த உறவுதான் சட்டச் சொல்லாகவே மாறியிருக்கிறது. ஆவணங்களில் இந்தச் சொல்லைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். 'நான் அரசர் சோறு உண்பவன், எனக்குச் சில உரிமைகள் உண்டு' என்று ஒருவர் சொல்லிக்கொள்ளும் இடம் அது.

ஒரு பெயர் மட்டும்தான் தெரியும். எங்கே தொடங்குவது?

பெயரை ஒரு பக்கம் வையுங்கள். எந்த ஆண்டு, யாருடைய வீடு, என்ன பதவி என்ற மூன்றையும் தோராயமாகவாவது பிடியுங்கள். அந்தக் காகிதங்களை எழுதியவர்கள் வீடு வாரியாகவும் பதவி வாரியாகவும் எழுதினார்கள், பெயர் வாரியாக அல்ல. பெயரை மட்டும் வைத்துத் தேடி நானும் நிறைய நாட்களை வீணாக்கியிருக்கிறேன். ஒரே பெயரில் அப்பா, மகன், சித்தப்பா மூவரும் ஒரே பதவியில் அடுத்தடுத்து இருந்தார்கள். மூவரையும் ஒரே ஆளாக எண்ணி நான் எழுதிய குறிப்பின்படி அவர் தொண்ணூறு வருடம் வேலை பார்த்திருந்தார்!

பதவி தெரிந்துவிட்டால், அந்தப் பதவியில் முன்னால் இருந்தவர், பின்னால் வந்தவர் என்று ஒரு சங்கிலி போடுங்கள். உங்கள் ஆள் அதில் தானாக வந்து உட்காருவார்.

'யாருடைய வீடு' என்று ஏன் கேட்கிறீர்கள்? எல்லாம் அரசர் வீடுதானே?

இல்லவே இல்லை. அரசிக்குத் தனி வீடு, பட்டத்து இளவரசருக்குத் தனி, அவர் மனைவிக்குத் தனி, அரசரின் தம்பிக்குத் தனி. ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையல், தனி லாயம், தனிக் கணக்கு. முக்கியமான விஷயம், வீட்டுக்கு உரியவர் இறந்தால் அந்த வீடு கலைக்கப்படும்.

இதை வைத்தே பல குடும்பக் கதைகளைச் சோதிக்கலாம். பதினான்காம் லூயியின் மனைவி மரி-தெரேஸ் 1683-இல் இறந்தார். அடுத்த அரசி மரி லெஷ்சின்ஸ்கா வந்தது 1725-இல். இடையில் நாற்பது வருடத்துக்கும் மேலாக பிரான்சில் 'அரசியின் வீடு' என்ற ஒன்றே கிடையாது. லெஷ்சின்ஸ்கா 1768-இல் இறந்தபின் 1774 வரை மறுபடியும் இடைவெளி. 1772-இல் மரி அந்துவானெத்திடம் வேலை பார்த்தவரைத் தேடினால் 'அரசி' என்ற தலைப்பில் கிடைக்கமாட்டார். அப்போது அவர் இளவரசரின் மனைவி. 'தோஃபீன்' வீட்டுப் பட்டியலில் தேட வேண்டும்.

ஒரு நுணுக்கமும் உண்டு. வீடு கலைந்தாலும் அதில் இருந்தவர்கள் தங்கள் சலுகைகளை விடாமல் வைத்திருந்தார்கள். ஆகவே 'காலஞ்சென்ற அரசியின் அதிகாரிகள்' என்ற தலைப்பில் பல வருடங்களுக்குப் பட்டியல் தொடரும். 'ஃபூ', 'ஃப' என்ற குட்டிச் சொல் பெயருக்கு முன்னால் வந்தால் இறந்துபோனவர் என்று பொருள். அதைக் கவனிக்காமல் விட்டால் இறந்த அரசிக்குப் பத்து வருடம் கழித்து ஆள் சேர்த்துவிடுவோம்.

அச்சிட்ட பட்டியல்கள் கிடைக்குமா?

கிடைக்கும், அங்கிருந்து தொடங்குவதே நல்லது. 'எத்தா த லா பிரான்ஸ்' என்ற தொகுப்பு 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1749 வரை பல பதிப்புகள் கண்டது. அரசர் வீட்டுப் பதவிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதில் இருப்பவர் பெயர், சம்பளம், வேலை, எந்தக் காலாண்டில் பணி என்றெல்லாம் தரும். அரசர் காலையில் எழும்போது சட்டையின் வலது கையை யார் பிடிப்பார் என்ற அளவுக்கு விவரம் இருக்கும். ஆள் தேடாதவர்கள்கூட ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

'அல்மனாக் ருவாயால்' என்ற ஆண்டுப் புத்தகமும் உண்டு. 1700-இலிருந்து ஆண்டுதோறும் வந்தது. ஆனால் அது பெரிய பதவிக்காரர்களோடு நின்றுவிடும். பாத்திரக் கிடங்கு வரை இறங்காது. 1770-களில் வெர்சாய்க்கென்றே தனி ஆண்டுப் புத்தகம் வந்தது, அது இன்னும் கொஞ்சம் கீழே வரும்.

இவற்றில் பெரும்பகுதி பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'கல்லிகா' இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அச்சுப் பட்டியல் எப்போதும் கொஞ்சம் பழசாகவே இருக்கும். ஆள் மாறி ஒரு வருடம் ஆன பிறகும் பழைய பெயர் நிற்கும். பெயர் எழுத்துக் கோர்வையும் அச்சுக்கோர்ப்பவரின் காதைப் பொறுத்தது.

வரி நீதிமன்றத்தின் காகிதங்களில் தேடச் சொல்கிறார்கள். சமையல்காரருக்கும் வரி நீதிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தச் சம்பந்தம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. அரசர் வீட்டு ஆளுக்குச் சம்பளத்தைவிடப் பெரிய வரவு வரிவிலக்குதான். 'தைய்' என்ற நேரடி வரியை அவர் கட்ட வேண்டாம். ஆனால் அவர் கட்டாவிட்டால் அந்தத் தொகை ஊரில் மற்றவர்கள் தலையில் விழும். ஊர் சும்மா இருக்குமா? 'இவன் உண்மையிலேயே அரசர் வீட்டு ஆள்தானா?' என்று வழக்குப் போடும். அதற்காகவே ஒவ்வொரு வீட்டின் ஆள் பட்டியலும் பாரிஸில் இருந்த வரி நீதிமன்றமான 'கூர் தேஸேத்' என்ற இடத்தில் பதிவாக வேண்டும் என்று விதி. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், உண்மையிலேயே பணி செய்ய வேண்டும், ஆண்டுச் சம்பளம் குறைந்தது 60 லீவ்ர் இருக்க வேண்டும், வியாபாரம் செய்யக்கூடாது. இத்தனையும் இருந்தால்தான் விலக்கு.

அந்தப் பதிவுப் பட்டியல்கள் இன்று பாரிஸில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இசட்-1-ஏ என்ற வரிசையில் இருக்கின்றன. அரசர், அரசி, இளவரசர்கள் என்று வீடு வீடாக, பதவி பதவியாக, பெயரும் சம்பளமும். ஒருவர் போய் இன்னொருவர் வந்தால் 'இன்னாருக்குப் பதிலாக' என்று ஓரத்தில் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரிக்காகவே நான் அந்தக் கட்டுகளைப் புரட்டுவேன். நான் சொன்ன சங்கிலி அங்கேதான் பிடிபடும்.

விலக்கு கோரியவர் வாழ்ந்த ஊரின் வரிப் பட்டியலையும் பாருங்கள். 'விலக்குப் பெற்றவர்' என்ற தலைப்பின் கீழே அவர் பெயர், பதவியோடு இருக்கும்.

பட்டியலில் பெயர் இருக்கிறது. அப்படியானால் அவர் அந்த வேலையைச் செய்தார் என்று எழுதலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன். பதில்: பல சமயம் எழுத முடியாது.

அரண்மனைப் பதவிகளில் பெரும்பாலானவை விலைக்கு வாங்கப்பட்டவை. ஒரு வீட்டையோ நிலத்தையோ போலக் குடும்பச் சொத்து. மகளுக்குச் சீதனமாகப் போகும், கடனுக்கு ஈடாகும். 'சுர்விவான்ஸ்' என்று ஒன்று உண்டு: இருப்பவர் இறந்ததும் பதவி எனக்கு வரும் என்று முன்கூட்டியே பெற்றுவைக்கும் உரிமை. பத்து வயதுப் பையன் பெயரிலும் இருக்கும்.

நாடகாசிரியர் மொலியேர் இதற்கு நல்ல உதாரணம். அவர் அப்பா ஜான் போக்லேன் பாரிஸில் மெத்தை, திரைச்சீலைக் கடை வைத்திருந்தவர். 1631-இல் தன் தம்பி நிக்கோலாவிடமிருந்து அரசரின் அறைத் திரைச்சீலைக்காரர் பதவியை வாங்கினார். 1637-இல், மகனுக்குப் பதினைந்து வயதில், அவன் பெயருக்குச் சுர்விவான்ஸ் எடுத்தார். மகனோ நாடகம்தான் வேண்டும் என்று 1643-இல் உரிமையை விட்டுக்கொடுத்தார். அது அவர் தம்பிக்குப் போனது. தம்பி 1660-இல் இறக்க, மீண்டும் மொலியேரிடமே வந்தது. 1673-இல் சாகும்வரை வைத்திருந்தார். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அவர் அரசர் படுக்கையை விரிக்கும் திரைச்சீலைக்காரர். நாடகத்தைப் பற்றி அந்த வரியில் ஒரு சொல்லும் இருக்காது.

மறுபக்கம்தான் எனக்கு மனதை அறுக்கிறது. பதவியை வாங்கியவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. அவர் கீழே உண்மையில் அடுப்பு ஊதியவர், பாத்திரம் துலக்கியவர், தண்ணீர் சுமந்தவர் பெயர் பெரும்பாலும் அதில் இல்லை. 'கர்சோன்' என்று எண்ணிக்கையாக வருவார்கள்: 'நான்கு பையன்கள்'. அவ்வளவுதான். ஆகவே 'பட்டியலில் இருக்கிறார்' என்பதை 'அந்தப் பதவியை வைத்திருந்தார்' என்று மட்டும் படியுங்கள். வேலை செய்தார் என்று சொல்ல வேறு சான்று வேண்டும்: பயணச் செலவுக் கணக்கு, பற்றுச்சீட்டு, கோபதாபத்தோடு எழுதிய ஒரு புகார் மனு.

'ஜனவரி காலாண்டு', 'ஏப்ரல் காலாண்டு' என்று எழுதியிருக்கிறதே?

ஒரே பதவியை நான்கு பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு மூன்று மாதம் பணி. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் முறை மாறும். அரசரின் தலைமை அறைப் பணியாளர்களும் நால்வர். முறைக்காரர் அரசரின் படுக்கையறையிலேயே படுப்பார். அலெக்சாந்த்ர் போந்தான் (1626–1701) அவர்களில் பேர்பெற்றவர். வெர்சாயின் நிர்வாகமே அவர் கையில் இருந்தது. வருடம் முழுவதும் இருப்பவரை 'ஓர்தினேர்' என்பார்கள்.

மீதி ஒன்பது மாதம் அந்த ஆள் எங்கே? சொந்த ஊரில். ஓர்லெயான் பக்கமோ ஷார்த்ர் பக்கமோ நிலம், பண்ணை, குடும்பம். திருமணமும் குழந்தைகளின் ஞானஸ்நானமும் அங்கேயே நடந்திருக்கும். வெர்சாய்ப் பதிவேட்டில் ஆளைக் காணவில்லை என்று பலர் கைவிடுவது இதனால்தான். கிராமப் பங்குத்தந்தையின் பதிவேட்டில் 'அரசரின் மது அறை அதிகாரி' என்று பெருமையாக எழுதி அவர் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

சம்பளம் இவ்வளவு குறைவாக இருக்கிறதே, எப்படி வாழ்ந்தார்கள்?

ஒரு லீவ்ர் என்றால் 20 சோல், ஒரு சோல் என்றால் 12 தெனியே. பட்டியலில் இருக்கும் 'காஜ்' என்ற சம்பளம் வரவில் ஒரு துண்டுதான். சாப்பாட்டுப்படி, உடைப்படி, வெகுமதி என்று தனித்தனி ஏடுகளில் வரும். அப்புறம் கையில் கிடைப்பவை. அரசியின் அறையில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தி பணிப்பெண்களுக்குச் சொந்தம், விற்றுக் காசாக்குவார்கள். அரசர் பந்தியில் மிஞ்சிய உணவு 'செர்தோ' என்ற பிரிவு வழியாக வெர்சாய்க் கடைகளில் விற்பனைக்குப் போனது. இவை சம்பள ஏட்டில் வராது. ஆகவே சம்பளத்தை வைத்து ஒருவர் ஏழையா பணக்காரரா என்று முடிவு கட்டாதீர்கள். அதற்கு நோட்டரி ஏடு வேண்டும்.

நோட்டரி ஏடுகளில் என்ன கிடைக்கும்?

மனிதர் கிடைப்பார். மற்ற காகிதங்களில் பதவிதான் கிடைக்கும்.

பாரிஸ் நோட்டரிகளின் பழைய ஏடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'மினுத்தியே சாந்த்ரால்' என்ற தனிப் பிரிவாக இருக்கின்றன. திருமண ஒப்பந்தம், உயில், பதவி விற்பனை, வாடகைச் சீட்டு எல்லாம் அங்கே. இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஒருவர் இறந்தபின் வீட்டில் எடுக்கும் சொத்துக் கணக்கு. நோட்டரியும் மதிப்பீட்டாளரும் அறை அறையாகப் போய் கட்டில், பாத்திரம், கிழிந்த சட்டை, புத்தகம், கடன் பத்திரம் வரை எழுதுவார்கள். மொலியேரின் அம்மாவுக்கு 1633-இல் எடுத்ததும் மொலியேருக்கு 1673-இல் எடுத்ததும் இன்றும் இருக்கின்றன. கடைசியில் குடும்பக் காகிதங்களின் பட்டியல் வரும். பதவி எப்போது, யாரிடமிருந்து வாங்கப்பட்டது என்பது அங்கே ஒரு வரியில் சிக்கும்.

வெர்சாய் நோட்டரிகளின் ஏடுகள் பாரிஸில் இல்லை. ஈவ்லின் மாவட்ட ஆவணக் காப்பகத்தில். எந்த நோட்டரி என்று தெரியாவிட்டால் தேடுவது கடினம். பதவிச் சங்கிலியில் முன்னால் இருந்தவரின் நோட்டரி யார் என்று பாருங்கள். விற்றவரும் வாங்கியவரும் ஒரே நோட்டரியிடம்தானே கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

அரசர் வீட்டின் சொந்தக் காகிதங்கள் எங்கே?

தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஓ' வரிசையில். 'ஓ-1' என்றால் புரட்சிக்கு முந்தைய அரசர் வீடு. 'ஓ-2' நெப்போலியன் வீடு, 'ஓ-3' 1814-க்குப் பின் திரும்பி வந்த அரசர்கள், 'ஓ-4' லூயி-பிலிப், 'ஓ-5' மூன்றாம் நெப்போலியன். நியமன ஆணைகள், கட்டடத் துறை, விழாச் செலவு, தளபாடக் கிடங்கு எல்லாம் ஓ-1-இல். அதற்கும் முந்தைய காலத்து வீட்டுக் கணக்குகள் 'கேகே' வரிசையில். தேசிய நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகளிலும் வீட்டுப் பட்டியல்கள் நிறைய உண்டு.

குலச் சான்று கேட்ட பதவிகளுக்கு, குறிப்பாக லாயத்தில் இருந்த 'பாஜ்' என்ற உயர்குடிச் சிறுவர்களுக்கு, ஒசியே குடும்பத்து மரபாய்வாளர்களின் காகிதங்கள் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. கட்டடத் துறையில் கூலி வாங்கியவர்களைத் தேடுவோருக்கு ஒரு நல்ல செய்தி: 1664 முதல் 1715 வரையிலான கணக்குகளை ஜூல் கிஃப்ரே ஐந்து தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறார். கொத்தர், தோட்டக்காரர், எலி பிடிப்பவர் வரை பெயரோடு வருவார்கள்.

சில ஆண்டுகளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஏன்?

தீ. 1737 அக்டோபர் இறுதியில் பாரிஸ் கணக்கு மன்றம் எரிந்தது. அரச வீடுகளின் கணக்குகள் அங்கேதான் தணிக்கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அதில் போனது போனதுதான். அப்புறம் 1871 மே மாதம், கொம்யூன் எழுச்சியின் கடைசி நாட்களில், பாரிஸ் நகர மண்டபமும் நீதி மாளிகையும் எரிந்தன. 1860-க்கு முந்தைய பாரிஸ் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் மூலம் ஒன்றில், நகல் மற்றொன்றில். இரண்டும் சாம்பல். பின்னால் குடும்பங்கள் வைத்திருந்த நகல்களைக் கொண்டு மூன்றில் ஒரு பங்கைத்தான் மீண்டும் உருவாக்க முடிந்தது.

தீக்கு முன் சிலர் பார்த்து எழுதி வைத்தது நமக்குப் பெரிய கொடை. மொலியேர் 1622 ஜனவரி 15 அன்று ஞானஸ்நானம் பெற்றதை பெஃபரா என்ற முன்னாள் போலீஸ் அதிகாரி தேடிக் கண்டுபிடித்து 1821-இல் வெளியிட்டார். மூலம் எரிந்துவிட்டது, வாசகம் பிழைத்தது. ஓகுஸ்த் ஜால் 1867-இல் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பு அகராதியும், லெயோன் த லாபோர்த் கலைஞர்கள், கைவினைஞர்கள் பற்றி எடுத்துவைத்த குறிப்புச் சீட்டுகளும் அப்படியே. அந்தச் சீட்டுகள் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பாரிஸ் ஆளைத் தேடினால் இவற்றைப் பார்க்காமல் விடாதீர்கள்.

வெர்சாய் இந்தத் தீயில் சிக்கவில்லை. நோத்ர்-தாம், சேன்-லூயி பங்குக் கோயில்களின் பதிவேடுகள் நன்றாக இருக்கின்றன. ஈவ்லின் காப்பகத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஞானஸ்நானத்தில் ஞானப் பெற்றோர் யார், திருமணத்தில் சாட்சி யார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே அடுக்களையில் வேலை பார்த்தவர்கள் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானத்தந்தை ஆனார்கள். பட்டியலில் வராத கர்சோன்களை நான் அதிகம் கண்டது இந்தக் கையெழுத்துகளில்தான்.

ஓய்வூதியம் வாங்கியவரின் பிறந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

இதுதான் பலருக்குத் தெரியாத புதையல். 1779-இல் ஓய்வூதியங்களை ஒழுங்குபடுத்தினார்கள். வாங்குபவர் தன் ஞானஸ்நானச் சான்றையும், எந்தப் பணிக்காக எவ்வளவு பெறுகிறார் என்ற உறுதிமொழியையும் தர வேண்டியிருந்தது. அந்தக் கோப்புகள் ஓ-1-இல் அகர வரிசையில் இருக்கின்றன. வயதான ஒரு சலவைக்காரி எந்தக் கிராமத்தில் யாருக்கு மகளாகப் பிறந்தாள் என்பது ஒரே காகிதத்தில் கிடைத்துவிடும். புரட்சி தொடங்கியதும் ஓய்வூதியப் பட்டியலை அரசே அச்சிட்டது. அதை முதலில் பார்த்துவிட்டுக் கோப்புக்குப் போகலாம்.

பெண்களைத் தேடுவது கடினமா?

கடினம், ஆனால் வழி உண்டு. அரசி வீட்டின் மேல்தட்டுப் பெண்கள் அச்சுப் பட்டியலிலேயே வருவார்கள். அடுத்த நிலையில் 'ஃபாம் த ஷாம்ப்ர்' என்ற அறைப் பணிப்பெண்கள். இவர்கள் கணவர் பெயரால் எழுதப்படுவார்கள். விதவையானால் பெயர் மாறும், மறுமணம் செய்தால் மறுபடி மாறும். கணவரும் பெரும்பாலும் அரண்மனையில்தான் ஏதோ பதவியில் இருப்பார், அதனால் இரண்டு பேரையும் சேர்த்தே தேடுங்கள். அரசகுமாரர் வீட்டில் பாலூட்டும் தாய், தொட்டில் ஆட்டுபவர், துணி மாற்றுபவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பதவிப் பெயர் உண்டு. பாலூட்டும் தாய்க்கும் அவர் குடும்பத்துக்கும் வாழ்நாள் முழுவதும் சலுகை கிடைத்தது; அதனால் ஓய்வூதியக் கோப்பில் தேடினால் பலன் இருக்கும்.

இறந்த அதிகாரியின் விதவை மறுமணம் செய்யாதவரை அவர் சலுகையை வைத்திருந்தார். வரி வழக்குகளில் வரும் பெண் பெயர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

எங்கே தேடியும் இல்லை. அரண்மனையில் இருந்தார் என்பது பொய்யா?

அவசரப்பட வேண்டாம். அரண்மனைக்குள் இருந்தவர் எல்லாம் அரசரின் ஆள் அல்ல. பிரபுக்கள் தங்கள் சொந்த வேலைக்காரர்களோடு வந்து தங்கினார்கள். அந்த வேலைக்காரர்களின் சம்பளம் பிரபுவின் குடும்பக் காகிதத்தில்தான் இருக்கும். அரசரின் காதலியின் வீடும் தனி. நம் துணைக்கண்டத்திலிருந்து போன ஸமோர் என்ற இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். தான் வங்காளத்தில் பிறந்ததாக அவரே சொன்னார்; சிறுவனாகக் கொண்டுபோகப்பட்டு, பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் து பரியிடம் பணி செய்தவர். 1793-இல் அந்த அம்மையாருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அவரை அரசர் வீட்டுப் பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டார். து பரியின் காகிதங்களிலும் புரட்சி நீதிமன்றக் கோப்பிலும் தேட வேண்டும்.

பொருள் விற்றவர்களும் பணியாளர்கள் அல்ல. மரி அந்துவானெத்துக்கு உடை தைத்துத் தந்த ரோஸ் பெர்த்தேன் பாரிஸில் கடை வைத்திருந்தவர்; அவர் வருவது செலவுக் கணக்கில். காவல் படையினர் என்றால் வேறு இடம்: வான்சேனில் உள்ள ராணுவ வரலாற்றுக் காப்பகம்.

நினைவுக் குறிப்புகளை நம்பலாமா?

சூழலுக்கு நம்பலாம், தேதிக்கு வேண்டாம். மரி அந்துவானெத்தின் பணிப்பெண் மதாம் காம்பான் எல்லாம் முடிந்து பல வருடம் கழித்து எழுதினார். தன்னை நியாயப்படுத்த வேண்டிய நிலையிலும் இருந்தார். பதினாறாம் லூயியோடு சிறையில் இருந்த பணியாளர் க்ளேரியின் குறிப்பு 1798-இல் லண்டனில் வெளிவந்தது. அதில் அன்றாட விவரங்கள் நிறைய. இருவரும் சக பணியாளர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதால் தேடலுக்குத் துப்பு கிடைக்கும். அந்தத் துப்பை ஏட்டில் சரிபார்த்த பிறகுதான் எழுத வேண்டும்.

தேதிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

1560-களின் நடுப்பகுதிவரை பிரான்சின் பல இடங்களில் புத்தாண்டு ஈஸ்டரில் தொடங்கியது. ஆகவே 1550 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1551. 1582 டிசம்பரில் 9-ஆம் தேதிக்கு அடுத்த நாள் 20. புரட்சிக்குப் பிறகு 1805 முடிவு வரை குடியரசு நாட்காட்டி. அதை மாற்றித்தர இணையத்தில் கருவிகள் இருக்கின்றன.

1780-க்குப் பிறகு திடீரென்று பல பெயர்கள் மறைகின்றனவே?

செலவைக் குறைக்க நிதியமைச்சர் நெக்கேர் 1780 ஜனவரியில் சமையல் பக்கத்தில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட பதவிகளை ஒழித்தார். 1787-இல் சிறிய லாயத்தைப் பெரிய லாயத்தோடு சேர்த்தார்கள். பதவி போனவருக்கு அதன் விலையைத் திருப்பித் தர வேண்டும். அதற்காக அவர் பதவி வாங்கிய வரலாறு முழுவதையும் காகிதத்தோடு நிரூபித்தார். ஒழிப்பு நடந்த இடத்தில்தான் நமக்குச் சான்று அதிகம். 1789 அக்டோபரில் அரசவை பாரிஸுக்குப் போனது, 1792 ஆகஸ்ட் 10-இல் முடியாட்சி வீழ்ந்து எல்லாம் முடிந்தது. உயிரோடு மிஞ்சிய பழைய பணியாளர்கள் 1814-க்குப் பிறகு உதவி கேட்டு மனு எழுதினார்கள். 'ஓ-3'-இல் அவர்கள் தங்கள் பணிக்காலத்தைத் தாங்களே விவரிப்பதைப் படிக்கலாம்.

பிரெஞ்சு அரைகுறையாகத்தான் தெரியும். முடியுமா?

முடியும். பட்டியல்களில் வருவது ஐம்பது, அறுபது சொற்கள்தான். பதவிப் பெயர்களையும் 'இன்னாருக்குப் பதிலாக', 'அவர் விட்டுக்கொடுத்ததால்', 'இறந்ததால்' போன்ற தொடர்களையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தை இரண்டு வாரத்தில் படிக்கப் பழகிவிடலாம். 16-ஆம் நூற்றாண்டுக்குப் பொறுமை வேண்டும். அதனால் பின்னாலிருந்து முன்னால் போங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. வெர்சாய் அரண்மனையின் ஆய்வு மையமும் அரசவை மனிதர்கள் பற்றிய தரவுகளை இணையத்தில் தருகிறது.

எங்கள் முன்னோர் ஒருவர் பதினாறாம் லூயியின் சமையல்காரர் என்று குடும்பத்தில் சொல்வார்கள். எப்படிச் சோதிப்பது?

அவர் இறந்த ஊரின் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். இறப்பிலோ பிள்ளைகளின் திருமணத்திலோ தொழில் என்ன என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை அப்படியே, எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். 'அரசரின் அதிகாரி' என்று மட்டும் இருந்தால் ஊரின் வரிப் பட்டியலில் விலக்குப் பெற்றாரா என்று பாருங்கள். விலக்கு இருந்தால் வரி நீதிமன்றப் பட்டியலுக்குப் போங்கள், அங்கே வீடும் பிரிவும் காலாண்டும் தெரியும். விலக்கு இல்லையென்றால் அவர் ஒரு கர்சோனாக இருந்திருக்கலாம், அல்லது ஒரு பிரபுவின் சமையல்காரராக. அப்போது வெர்சாய்ப் பங்குப் பதிவேட்டுக்குப் போய், அவர் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் எந்த அடுக்களைக்காரர்கள் என்று பாருங்கள்.